சுப்பாராவின் இரண்டு மாத்திரைகள்

போன பதிவில் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே நாட்டு மருந்துக் கடைகளில் வெட்பாலை இலை போட்ட எண்ணெய் விற்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்த நண்பர்கள் சிலர் தனி மடல் அனுப்பி "சோரியாசிஸுக்கா?" என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், அதற்குத்தான். நம் ஊரில் வெட்பாலை என்பதை இங்கே தந்தப்பாலை என்கிறார்கள். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ஊதா நிறத்தில் மாறும். வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வருகிறது.

கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. ஆனால் எண்ணெயைப் பற்றி அல்ல. இந்த நோயின் காரணம் எங்கே இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் கண்டுபிடித்த கதை. அதில் சென்னையில் படித்த ஒருவர் வருகிறார், தனக்கே தெரியாமல். அடியேன் பி.காம். பட்டதாரி, வங்கி அதிகாரி. மருத்துவருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் அவர் கேட்கும் கடனுக்கு நான் கையெழுத்துப் போடுவதோடு சரி. அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரித்திரமாகப் படியுங்கள்.

முதலில் பெயர். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப் படை என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் ஏககுஷ்டம், கிடிபம் என்ற பெயர்களை இதோடு பொருத்துகிறார்கள். அந்த 'குஷ்டம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய நூல்களில் அது தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். பதினெட்டு வகை சொல்வார்கள். பிற்காலத்தில் அந்தச் சொல் தொழுநோய்க்கு மட்டும் என்று சுருங்கிப்போனது. சொல் சுருங்கினாலும் அதன் மேல் இருந்த பயம் சுருங்கவில்லை.

ஐரோப்பாவிலும் இதே கூத்துதான். லண்டனில் ராபர்ட் வில்லன் 1800-களின் தொடக்கத்திலேயே இந்த நோயைத் தெளிவாக வர்ணித்துவிட்டார். ஆனாலும் அதைக் குறிக்க அவரும் தொழுநோயை நினைவூட்டும் சொல்லையே பயன்படுத்தினார். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841-ல்தான் இது வேறு, தொழுநோய் வேறு என்று இரண்டையும் பிரித்தார். அதற்கு முன்னால் எத்தனை சோரியாசிஸ்காரர்கள் தொழுநோயாளி என்ற முத்திரையோடு ஊருக்கு வெளியே வாழ்ந்து செத்தார்களோ, யார் கணக்கு வைத்தார்கள்? திருவிதாங்கூர் அரசு 1934-ல் நூறநாட்டில் பெரிய தொழுநோய் மருத்துவமனையை அமைத்தது. ஒதுக்கி வைப்பதுதான் வைத்தியம் என்றிருந்த காலம் அது. தோலில் வெள்ளிச் செதில் உதிரும் ஒருவனைப் பார்த்து ஜனங்கள் நகர்ந்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சோரியாசிஸ் ஒட்டாது. கிருமியால் பரவுவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, கதைக்கு வருவோம்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். அன்றைய சென்னை மாகாணம், கோதாவரிப் பக்கம். சின்ன வயதில் காசி யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். பிடித்து வந்து படிக்க வைத்தார்கள். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில் சென்னை ஹிந்து ஹைஸ்கூலில் தாண்டினார். (மூன்றாவது முயற்சி! சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சையில் தவறிய நம் சகாக்கள் மனம் தளர வேண்டாம் :-)) பிறகு பிரசிடென்சி கல்லூரி, பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே காந்தியின் பேச்சைக் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு மாகாண மருத்துவப் பணியில் சேர முடியவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தப் போனார்.

இடையில் ஒரு துக்கம். ஸ்ப்ரூ என்று ஒரு நோய். குடல் சத்தை உறிஞ்ச மறுத்து, ஆள் ரத்தமில்லாமல் வற்றிப்போவார். அதில் அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவரும் அதில் விழுந்து, லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் எழுந்தவர். இந்த ஸ்ப்ரூவை நினைவில் வையுங்கள்.

1920-களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியிலும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றின் ஆதரவிலும் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இரவுநேர வார்டு வேலை, நோயாளிகளின் மலத்தட்டு எடுப்பது உட்பட. பகலில் ஹார்வர்டில் படிப்பு. சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1927-ல் பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏ.டி.பி., அதாவது நம் தசை சுருங்குவதற்கான சக்தியைத் தூக்கிச் செல்லும் மூலக்கூறு. (அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.) இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை அவருக்கு வந்தது.

லெடர்லியில் அவர் குறிவைத்தவற்றில் ஒன்று ஃபோலிக் அமிலம். இதற்கும் ஒரு இந்திய முன்கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்துதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் ஆனது. சுப்பாராவின் குழு 1945-ல் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து முடித்தது. ஸ்ப்ரூவுக்கு மருந்து கிடைத்தது, இரண்டு சகோதரர்கள் போய் கால் நூற்றாண்டு கழித்து.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோயியல் நிபுணர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புற்று அடங்காமல் வேகம் எடுக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் வேடம் போட்டு வந்து, அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு போலி இருந்தால்? லெடர்லியின் வேதியியலாளர்கள் அதைச் செய்துகொடுத்தார்கள். பெயர் அமினாப்டெரின். டோரிஸ் சீகர் என்ற பெண்ணின் பெயர் அந்த ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் வரும். நம் ஆட்கள் எழுதும்போது எல்லாவற்றையும் சுப்பாராவே சோதனைக்குழாயில் கலக்கியதாக எழுதிவிடுகிறார்கள். அவர் திசை காட்டினார், ஆள் சேர்த்தார், விடாமல் விரட்டினார். அதுவே பெரிய விஷயம், கூட்டிச் சொல்லத் தேவையில்லை. 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. புற்றுநோயை மருந்தால் பின்வாங்க வைத்த ஆரம்ப வெற்றிகளில் அது ஒன்று. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் தூக்கத்தில் இறந்துபோனார். வயது 53.

அமினாப்டெரினுக்குத் தம்பி ஒன்று உண்டு. ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், கொஞ்சம் சாது. அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட்.

இதுவரை சோரியாசிஸ் வரவே இல்லையே என்கிறீர்களா? இப்போது வருகிறது.

நியூயார்க்கில் ரிச்சர்ட் குப்னர் என்ற டாக்டர் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் சோரியாசிஸும் இருந்த ஒருவருக்கு மூட்டு வலியோடு சேர்ந்து தோலும் தெளிய ஆரம்பித்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு சோரியாசிஸ்காரர்களுக்கே கொடுத்துப் பார்த்து, சக டாக்டர்களோடு 1951-ல் கட்டுரை எழுதினார். (அதே 1951-ல்தான் இங்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது.) 1958-ல் எட்மண்ட்சன், கை என்ற இருவர் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சோரியாசிஸுக்குப் பயன்படுத்தி எழுதினார்கள். அதன் பிறகு அது நிலைத்துவிட்டது.

ஏன் வேலை செய்கிறது? இங்கேதான் கதையின் சுவாரசியமான திருப்பம்.

சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். சோரியாசிஸ் திட்டில் அது மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. செல் முதிர நேரமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிச் செதிலாக உதிர்கிறது. 1960-களில் தோல் ஆராய்ச்சியாளர்கள் இந்த வேகத்தை அளந்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் வேகமாகப் பெருகும் செல்லைத் தடுக்கும் மருந்து. தோல் செல் வேகமாகப் பெருகுகிறது. ஆக மருந்து தோல் செல்லைத் தடுக்கிறது, நோய் தோல் செல்லின் நோய். கணக்கு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டது!

எங்கள் தொழிலில் இப்படி டேலி ஆகும் கணக்கைத்தான் அதிகம் சந்தேகப்படுவோம். ஒரு கிளார்க் ஒரே நாளில் வழக்கத்தைவிட ஏழு மடங்கு வவுச்சர் போட்டிருக்கிறார் என்றால் அவர் கை வேகத்தை மட்டும் அளந்துகொண்டிருக்க முடியாது. யார் போடச் சொன்னது, கையெழுத்து யாருடையது என்று தேட வேண்டும். சோரியாசிஸில் அந்தக் கையெழுத்தைத் தேட கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆனது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். எனக்கு முப்பத்திரண்டு வயதில் முழங்கையில் வந்தது. பிறகு விரல் கணுக்களில். அப்போது வடக்கே ஒரு சிறிய ஊர்க் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். வங்கி, ஊர் பெயர் வேண்டாம். ஒரு வியாபாரி நான் எண்ணிக் கொடுத்த கட்டைத் தொடாமல் பக்கத்துக் கவுண்டரைக் காட்டி "அவரை எண்ணித் தரச் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு இனிப்பு அனுப்புகிறவர். அடுத்த வாரம் மேலாளர் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார், "உங்கள் நல்லதுக்குத்தான் சார்" என்று. எனக்கு அப்போது கோபம் வரவில்லை, பயம் வந்தது. ஊரில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயம் முடியும் வரை நான் ஊருக்கு வர வேண்டாம் என்று அம்மா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், சித்திரை மாத வெயிலில். உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 2014-ல் சோரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. நோயின் வலியோடு சேர்த்து, ஒதுக்கப்படுவதையும் அதில் பேசியிருக்கிறார்கள். ஜெனீவாவில் இருப்பவர்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரிந்திருக்கிறது!

நிற்க.

கையெழுத்துக்கு முதல் தடயம் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி சைக்ளோஸ்போரின் என்ற பொருளைப் பிரித்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க அது பயன்பட்டது. காரணம், அது டி-செல் என்ற வெள்ளை அணுக்களை அடக்குகிறது. 1979-ல் மூல்லர், ஹெர்மான் என்ற இருவர் ஒரு மருத்துவ இதழுக்குச் சின்னக் கடிதம் எழுதினார்கள். மூட்டுவாதத்தோடு சோரியாசிஸ் இருந்த சிலருக்குச் சைக்ளோஸ்போரின் கொடுத்தோம், தோல் தெளிந்துவிட்டது என்று. டி-செல்லை அடக்கினால் தோல் எதற்குத் தெளிய வேண்டும்?

பழைய கட்சி லேசில் விடவில்லை. சைக்ளோஸ்போரின் தோல் செல்லையும் நேராகத் தடுக்கலாமே என்றார்கள். நியாயமான ஆட்சேபணை. 1990 வாக்கில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களைப் பற்றிய தகவல்கள் வந்தன. ரத்தப் புற்றுக்காக மஜ்ஜை மாற்றியவருக்குக் கூடவே இருந்த சோரியாசிஸ் போய்விட்டது. இன்னொரு பக்கம், சோரியாசிஸ் உள்ளவரிடம் மஜ்ஜை வாங்கியவருக்கு அது புதிதாக வந்தது. தோல் மாறவில்லை. மாறியது ரத்தத்தின் ஊற்று மட்டும்.

முடிவான சோதனை 1995-ல், நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் க்ரூகரின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அவர்கள் எடுத்த ஆயுதம் அழகானது. தொண்டை அடைப்பான் நோயின் விஷத்தையும், டி-செல்கள் பசியோடு தேடும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தையும் ஒட்டவைத்த ஒரு கலவை. தூண்டப்பட்டு நிற்கும் டி-செல் மட்டும் தீனி என்று நினைத்து அதை விழுங்கும், சாகும். தோல் செல்லுக்கு அதை வாங்கும் கதவு இல்லை, அதனால் ஒன்றும் ஆகாது. பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குத் தோல் தேறியது, அதில் நாலு பேருக்கு நன்றாகவே. தோல் செல்லைத் தொடாமலே தோல் நோய் பின்வாங்கியது. கிளார்க் நிரபராதி. மறு வருஷம் பிரயன் நிக்கலாஃப் குழுவினர் எதிர்த் திசையிலிருந்தும் காட்டினார்கள். சோரியாசிஸ்காரர் ஒருவரின் நல்ல தோலை எதிர்ப்புசக்தி இல்லாத எலிமேல் ஒட்டி, அவருடைய வெள்ளை அணுக்களைச் செலுத்தினார்கள். நல்ல தோல் சோரியாசிஸ் தோலாக மாறியது.

அப்படியானால் நம் மெத்தோட்ரெக்ஸேட்? அதே 1995-ல் ஜெஃப்ஸ் என்பவரும் சகாக்களும் அதைச் சோதித்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவு மருந்துக்குத் தோல் செல்கள் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளை அணுக்கள்தான் அதைவிடப் பல மடங்கு எளிதில் மடிந்தன. ஆக 1951-லிருந்து டாக்டர்கள் தோல் செல்லை அடக்குவதாக நினைத்துக்கொண்டு எதிர்ப்புசக்தியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து சரி, காரணம்தான் தவறு. அந்த 1995 சுப்பாராவின் நூற்றாண்டு. இந்தியத் தபால் துறை அவர் படம் போட்டு ஒரு தபால்தலை வெளியிட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு இன்றும் வியப்பு. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்புண், வாந்தி வராமல் இருக்க டாக்டர்கள் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவார்கள். போலியும் அசலும் ஒரே சீட்டில்! இரண்டும் ஒரே மனிதரின் கூடத்திலிருந்து வந்தவை. அசலைக் கொடுத்தால் போலியின் வேலை கெட்டுவிடாதா? பெரும்பாலும் கெடுவதில்லை. அதனால் இந்தக் குறைந்த அளவில் மருந்து வேறு வழியிலும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. நியூயார்க்கில் புரூஸ் க்ரோன்ஸ்டீன் 1990-களில் காட்டிய வழி ஒன்று: மருந்து செல்லுக்கு வெளியே ஆடினோசின் என்ற பொருளைக் கூட்டுகிறது, அந்த ஆடினோசின் அழற்சியை அமர்த்துகிறது. அது எங்கிருந்து வருகிறது? ஏ.டி.பி. உடைந்து. 1929-ல் ஹார்வர்டில் பிரித்தெடுத்தாரே, அதே ஏ.டி.பி.

டி-செல் என்று தெரிந்த பிறகு வேட்டை வேகமானது. முதலில் வந்த மருந்துகள் டி-செல்லையே பொத்தாம்பொதுவாகப் பிடித்தன. அதில் எஃபாலிசுமாப் என்று ஒன்று 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு மூளையில் அபூர்வமான வைரஸ் நோய் வந்து உயிர் போனதால் 2009-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எதிர்ப்புசக்தியில் கை வைப்பது விளையாட்டு அல்ல. பிறகு ஆணை எப்படிப் போகிறது என்று தெளிந்தது. தோலில் காவல் நிற்கும் செல்கள் இன்டர்லூகின்-23 என்ற செய்தியை அனுப்புகின்றன. (இது 2000-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.) அதை வாங்கும் டி-செல்கள் இன்டர்லூகின்-17 விடுகின்றன. அதை வாங்கும் தோல் செல் பித்துப் பிடித்தது போல் பெருகி, தானும் ஆபத்துச் செய்தி அனுப்புகிறது. காவல் செல் மறுபடி கத்துகிறது. வட்டம். இந்தச் சங்கிலியை வெட்டும் ஊசிகள் வரிசையாக வந்தன. 2009-ல் உஸ்டெகினுமாப், 2015-ல் செக்குகினுமாப், 2017-ல் குசெல்குமாப்.

முதல் கூச்சலை எழுப்புவது யார்? பதில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பரம்பரையில் ஹெச்.எல்.ஏ.-சி.டபிள்யூ.6 என்ற அடையாளம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக வருவதுண்டு. மிஷேல் ஜில்லியே குழுவினர் 2007-ல் இன்னொன்று காட்டினார்கள். தோலில் காயம் பட்டால் சுரக்கும் எல்.எல்.-37 என்ற கிருமிக்கொல்லிப் புரதம், சிதைந்த செல்லின் டி.என்.ஏ.வைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் காவல் செல்லை ஏமாற்றிவிடுகிறது, வைரஸ் வந்துவிட்டது என்று. கீறின இடத்தில், சொறிந்த இடத்தில் புதுத் திட்டு வருகிறதே, அதற்கு இது ஒரு விளக்கம். நரம்புக்கும் பங்குண்டு. நரம்பு அறுபட்டு உணர்ச்சி போன இடத்தில் திட்டு மறைந்துவிடுவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சிபா ராய்சௌதுரி, யூஜின் ஃபார்பரோடு சேர்ந்து, சோரியாசிஸ் தோல் செல்கள் நரம்பு வளர்ச்சிப் புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன என்று 1998-ல் எழுதினார். (இந்த ஃபார்பர் வேறு, குழந்தைகள் டாக்டர் ஃபார்பர் வேறு.) மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் எனக்குத் திட்டு ஏறுவது ஏன் என்று அதைப் படித்தபோது கொஞ்சம் விளங்கின மாதிரி இருந்தது.

இந்திய அத்தியாயம் ஒன்று பெங்களூரில் நடந்தது. கியூபாவில், ஹவானாவின் மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்தில் உருவான ஒரு எதிர்ப்புப் புரதத்தைப் பயோகான் கம்பெனி எடுத்து வளர்த்தது. டி-செல்லின் மேல் இருக்கும் சி.டி.6 என்ற குமிழைப் பிடிக்கும் மருந்து, பெயர் இட்டோலிசுமாப். 225 இந்திய நோயாளிகளிடம் சோதித்து, 2013-ல் இந்திய அரசின் அனுமதி வாங்கினார்கள். அந்தக் குமிழைக் குறிவைத்து உலகில் முதலில் விற்பனைக்கு வந்தது அதுதான். 2020-ல் கொரோனா தீவிரமானவர்களுக்கும் அவசர அனுமதி கொடுத்தார்கள், கொஞ்சம் சர்ச்சையோடு. சோரியாசிஸில் இன்டர்லூகின்-17 ஊசிகள் அளவுக்கு அது தோலைத் துடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊசிகள் பிரமாதம்தான், விலைதான் நம்மை நிறுத்துகிறது. ஊசிக்கு மருத்துவக் கடன் கேட்டு என் மேஜைக்கே விண்ணப்பம் வந்திருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டின் ஒரு வாரச் செலவு ஒரு நல்ல சாயாவும் பழம்பொரியும் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். எழுபது வருஷத்துக்கு மேலான மருந்து இன்னும் முதல் வரிசையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. மது கூடாது, கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மெடிக்கல் காலேஜ் பக்கம் நான் வாங்கும் கடைக்கார அம்மா அட்டையின் பின்னால் பேனாவால் "ஞாயறாழ்ச மாத்ரம்" என்று மலையாளத்தில் எழுதி, அதை வாய்விட்டுப் படிக்கவும் வைப்பார். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் மலையாள வாக்கியம் அதுதான் :-)

வெட்பாலைக்கே திரும்ப வந்தால், அதைக் கேலி செய்ய நான் தயார் இல்லை. சாலைக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசியிலிருந்து ஜோயிஸ், மஞ்சுநாத் முதலிய இந்திய வேதியியலாளர்கள் 1933-ல் சோரலென் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதே குடும்பத்துப் பொருள் ஒன்றைக் கொடுத்து புறஊதா ஒளியில் நிறுத்தும் வைத்தியத்தை பாஸ்டனில் 1974-ல் சோரியாசிஸுக்குப் பயன்படுத்திப் பெரிய வெற்றி கண்டார்கள். அதுவும் தோலில் உள்ள டி-செல்களைக் குறைக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. எண்ணெய் தடவுவதானால் தடவுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தடவுங்கள், எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் மல்லுக்கட்டுவது வேறொன்றோடு. மருந்தில் தோல் முழுசாகத் தெளிந்தவருக்கும், நிறுத்தினால் பழைய திட்டு பல சமயம் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்புகிறது. என் இடது முழங்கையில் இலங்கை வரைபடம் மாதிரி ஒன்று நாலு தடவை போய் நாலு தடவை வந்திருக்கிறது. டி-செல்களில் ஒரு பிரிவு ரத்தத்துக்குத் திரும்பாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது, ஞாபகத்தோடு. பார்வைக்கு நல்ல தோலாக இருக்கும், உள்ளே அது உட்கார்ந்திருக்கும். அதைக் கிளப்பி வெளியேற்ற முடியுமா, நோய் வந்த முதல் வருஷத்திலேயே ஊசி போட்டால் அது குடியேறாமல் தடுக்கலாமா என்று சோதனைகள் நடக்கின்றன. அதுவரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் மாத்திரை, மற்ற நாளில் ஃபோலிக் அமிலம்.